முளையும் பயிரும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது தமிழ் மக்கள் நாவில் நெடுங்காலமாய் வழங்கிவரும் பழமொழி. பேரப்பிள்ளையின் குறும்பைக் கண்டு மகிழும் பாட்டியும், மாணவனின் விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியரும், கன்றின் நடையைப் பார்த்து விலை பேசும் கமக்காரரும் இப்பழமொழியைத் துணைக்கு அழைப்பர். ஆயினும், முளையிலே தெரிவது எது, தெரியாதது எது என்று வரையறுத்துக் கூற முற்பட்டவர் சிலரே. இவ்வினாவுக்கு விடை காண்பதையே தொழிலாகக் கொண்டு, ஏறத்தாழ நூறாண்டாகப் பெரும்பொருள் செலவிட்டு வரும் துறையொன்று அமெரிக்க ஐக்கிய நாட்டில் உண்டு. அத்துறையினர் தம் ஏற்பாட்டுக்கு இட்ட பெயரும் பயிர்த்தொழிலைச் சார்ந்ததே. 'பண்ணை முறை' என்று அதனை அவர்கள் அழைக்கின்றனர். அப்பண்ணையில் விளைவது நெல்லுமன்று, சோளமுமன்று. பேஸ்போல் என்னும் தளப்பந்தாட்டத்துக்கு வேண்டிய இளம் வீரர்களே.

பேஸ்போல் இலங்கையில் அதிகம் ஆடப்படும் விளையாட்டன்று. எனினும் கிரிக்கெட்டை அறிந்த நேயர்களுக்கு அதனை விளங்கிக்கொள்வது கடினமாகாது. கிரிக்கெட்டிற் பந்து வீசுபவர் ஓடி வந்து, முழங்கையை நீட்டியபடி வீசி, பந்தைத் தரையிற் பட்டு எழச் செய்கிறார். பேஸ்போலிற் பந்தெறிபவரோ சிறு மேடொன்றில் நின்று, முழங்கையை மடக்கிச் சுழற்றி, பந்து நிலத்திற் படாவண்ணம் நேரே எறிகிறார். அவர் நிற்கும் இடத்துக்கும் துடுப்பாளர் நிற்கும் தளத்துக்கும் இடையேயுள்ள தூரம் 60 அடி 6 அங்குலம். 1893ஆம் ஆண்டு முதல் இத்தூரம் மாறவில்லை. தளத்தின் அகலம் 17 அங்குலம். அதன் மேலே, துடுப்பாளரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட வெளியே எறிவீரரின் இலக்கு. மணிக்கு 95 மைல் வேகத்தில் எறியப்படும் பந்து அவ்விலக்கை அடைய ஏறக்குறைய ஒரு விநாடியில் ஐந்தில் இரண்டு பங்கு நேரமே செல்லும்.

இலக்கினுள் வரும் பந்தைத் துடுப்பாளர் ஆடாது விட்டாலோ, ஆடித் தவறினாலோ அஃது அவருக்கு ஒரு பிழை. மூன்று பிழைகளில் அவர் வீழ்வார். மாறாக, எறிவீரர் இலக்குக்கு வெளியே நான்கு பந்துகளை எறிந்துவிட்டால், துடுப்பாளர் எவ்வித முயற்சியுமின்றி முதலாந் தளத்துக்கு நடந்து செல்லலாம். இதனை இலவச நடை எனலாம். எதிரணியில் மூவர் ஆட்டமிழந்தால் ஓர் இன்னிங்ஸ் முடியும். ஆகவே எறிவீரரிடம் முதன்மையாக வேண்டப்படுவன இரண்டு. ஒன்று வேகம், மற்றது கட்டுப்பாடு. முன்னதை அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவரும் காண்பர். பின்னது வருமா, வராதா, வருமெனின் எப்போது வரும் என்பதைக் காண்பதே அரிது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பெருங்கழகங்கள் தமக்கு வேண்டிய வீரர்களைச் சிறு நகரங்களிலிருந்த கழகங்களிடம் விலைகொடுத்து வாங்கி வந்தன. பணமுடைய கழகம் நல்ல வீரரைப் பெற்றது. பணமில்லாத கழகம் எஞ்சியவரைப் பெற்றது. சென் லூயிஸ் நகரத்துக் கார்டினல்ஸ் என்னும் கழகம் அன்று பணமில்லாக் கழகம். அதன் பொறுப்பை ஏற்ற பிராஞ்ச் றிக்கி என்பார், வாங்க இயலாதவன் விளைவிக்க வேண்டும் என்று துணிந்தார். 1920களிற் சிறு கழகங்களை ஒவ்வொன்றாகத் தம் கழகத்தோடு இணைத்து, படிப்படியாக உயரும் வரிசையில் அவற்றை அமைத்தார். பள்ளியை விட்டு வரும் இளைஞன் அடிப்படியிற் சேர்வான். தேறினால் மேற்படிக்குச் செல்வான். கடைசிப் படியிலும் தேறுபவன் பெருங்கழகத்திற் கால்வைப்பான். 1926ஆம் ஆண்டிற் கார்டினல்ஸ் கழகம் உலகத் தொடரை வென்றபோது, றிக்கியின் முறையை ஏளனஞ் செய்தவர்களும் அதனைப் பின்பற்றத் தலைப்பட்டனர்.

பலரைச் சேர்த்தாற் சிலர் தேறுவர் என்பது றிக்கியின் கணக்கு. கணக்கிற் பிழையில்லை. ஆயின் தேறாத பலரின் கதி யாது? 1930களின் இறுதியிற் கார்டினல்ஸ் பண்ணையில் முப்பதுக்கு மேற்பட்ட கழகங்கள் இருந்தன. பெருங்கழகத்தில் இடமோ இருபத்தைந்து பேருக்குத்தான். விதிகளுக்கு மாறாகப் பல கழகங்களை மறைமுகமாக ஆட்டிவைத்தமைக்காக, பேஸ்போல் ஆணையாளராயிருந்த நீதிபதி லாண்டிஸ் 1938ஆம் ஆண்டில் அப்பண்ணையைச் சேர்ந்த எழுபதுக்கு மேற்பட்ட வீரர்களைத் தளையினின்றும் விடுவித்தார். ஏழைக் கழகத்தை உயர்த்திய ஏற்பாடே ஏழை இளைஞரைக் கட்டிவைக்கும் ஏற்பாடாகவும் அமைந்தது. பண்ணை முறையின் இவ்விரு முகங்களையும் ஒருசேர நோக்குவதே நேர்மை.

இன்று பெருங்கழகங்கள் முப்பது. 2021ஆம் ஆண்டு முதல் ஒவ்வொன்றுக்கும் நான்கு படிகளில் நான்கு கழகங்களாக 120 சிறு கழகங்கள் அவற்றோடு இணைந்துள்ளன. இவற்றுக்கும் கீழே புதியோருக்கான பயிற்சிக் களங்கள் உள்ளன. ஆண்டுதோறும் உயர்பள்ளிகளிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் இளைஞர்களை முறைவைத்துத் தெரிவு செய்யும் வழக்கம் 1965இல் தொடங்கியது.

இளம் எறிவீரனைத் தேர்வாளர் எவ்வாறு மதிப்பிடுகின்றனர்? அவர்களிடம் ஓர் அளவுகோல் உண்டு. அதன் கீழெல்லை 20, மேலெல்லை 80, பெருங்கழகத்துச் சராசரி வீரனின் நிலை 50. வேகப்பந்துக்கு ஓர் எண், வளைபந்துக்கு ஓர் எண், வேகப்பந்துபோல் தோன்றித் தாமதித்து வரும் மெதுபந்துக்கு ஓர் எண், கட்டுப்பாட்டுக்கு ஓர் எண் என இவ்வளவுகோலால் தனித்தனியே அளப்பர். ஒவ்வொன்றுக்கும் இன்றைய எண் ஒன்றும், வருங்காலத்தில் அடையக்கூடிய எண் ஒன்றுமாக இரண்டு எண்கள் இடுவர். இவ்விரண்டாம் எண்ணிலேதான் தேர்வாளரின் திறமை முழுவதும் அடங்கியிருக்கிறது. முதலெண் கண் கண்டது. இரண்டாமெண் மனம் கணித்தது.

அதனைக் கணிக்க, பந்தை மட்டுமன்றிப் பந்தை எறியும் உடலையும் தேர்வாளர் நோக்குவர். தோள் அகன்றுள்ளதா? இன்னும் வளர இடமுண்டா? ஒவ்வொரு முறையும் ஒரேவிதமாகக் கால் ஊன்றிக் கை சுழல்கிறதா, அன்றி முறைக்கு முறை மாறுகிறதா? நூறு பந்துகள் எறிந்த பின்னரும் முதற்பந்தின் வேகம் எஞ்சியுள்ளதா? இவற்றுக்கும் மேலாக, முந்திய பந்தைத் துடுப்பாளர் அரங்குக்கு அப்பால் அடித்துவிட்ட வேளையில், அடுத்த பந்தை எறியுமுன் அவ்விளைஞனின் முகம் எவ்வாறிருக்கிறது?

பண்ணையிற் பெறும் வெற்றி தோல்விகளையும் அப்படியே ஏற்றல் ஆகாது. அடிப்படியில் ஆடும் துடுப்பாளர் பெரும்பாலும் பள்ளியை அண்மையில் விட்டவர்கள். வேகம் ஒன்றையே கொண்டு அவர்களைக் கூட்டங்கூட்டமாக வீழ்த்திவிடலாம். இரண்டு படி ஏறியதும் வேகத்துக்கு அஞ்சாத துடுப்பாளர் எதிர்ப்படுவர். வளைபந்தும் மெதுபந்தும் இல்லாதவன் அங்கே திகைத்து நிற்பான். இதற்கு மாறாக, அடிப்படியிலே புதிய வளைபந்தொன்றைப் பழகுவதற்காகத் தோல்விகளை ஏற்றுக்கொண்டவன், மேற்படியில் உயர்ந்து நிற்பதும் உண்டு. பதினெட்டு வயதினன் ஒருவனும் இருபத்து நான்கு வயதினன் ஒருவனும் ஒரே படியில் ஒரே பேறு பெற்றால், அவை இரண்டும் ஒன்றல்ல. ஆகவே எண்ணைப் படிப்பவர் அந்த எண் பிறந்த சூழலையும் படித்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் நன்கறிந்த பண்ணை ஒன்றின் வரலாற்றிலிருந்து இரண்டு இளைஞர்களின் கதையைக் கூறினால், பொருள் மேலும் தெளிவாகும். அப்பண்ணை மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோர் நகரின் ஓரியோல்ஸ் கழகத்துக்கு உரியது. 1954இல் அந்நகருக்கு வந்த அக்கழகம், அடிப்படி முதல் மேற்படி வரை ஒரே முறையிற் பயிற்சியளிக்கும் ஒழுங்கினாற் பின்னாளிற் பெரும்புகழ் பெற்றது.

1957ஆம் ஆண்டில் அக்கழகம் கனெக்டிக்கட் மாநிலத்து நியூ பிரிட்டன் நகரைச் சேர்ந்த ஸ்டீவ் டல்கோவ்ஸ்கி என்னும் இளைஞரை ஒப்பந்தஞ் செய்தது. வயது பதினெட்டு. பேருருவம் படைத்தவரல்லர், மூக்குக்கண்ணாடி அணிபவர். ஆயின் அவர் எறிந்த பந்தின் வேகத்தைக் கண்டவர், அதற்கு நிகரானதொன்றைத் தம் வாழ்நாளிற் கண்டதில்லை என்றே கூறினர். முதலாண்டிற் கிங்ஸ்போர்ட் என்னும் சிறு நகரக் கழகத்துக்காக 62 இன்னிங்ஸ்களில் அவர் எறிந்தார். அவற்றில் 121 துடுப்பாளர் அவர் பந்தைத் தொட மாட்டாது வீழ்ந்தனர். அதே இன்னிங்ஸ்களில் 129 பேருக்கு அவர் இலவச நடை அளித்தார். ஓர் ஆட்டத்தில் 24 பேரை வீழ்த்தி, 18 பேரை நடக்கவிட்டு, ஆட்டத்தையும் தோற்றார்.

இத்தகைய இளைஞரை என்செய்வது? அளவுகோலின்படி வேகத்துக்கு 80 இடலாம். 80க்கு மேல் எண் இல்லாமையால் அவ்வளவில் நின்றனர் எனலாம். கட்டுப்பாட்டுக்கு 20 இடலாம். அதற்குக் கீழ் எண் இல்லை. ஆண்டுக்கோர் ஊராகக் கழகம் அவரை அனுப்பியது. பயிற்சியாளர் ஒவ்வொருவரும் தத்தம் மருந்தைக் கொடுத்தனர். ஒருவர் கையின் சுழற்சியை மாற்றச் சொன்னார். மற்றொருவர் காலை மாற்றி ஊன்றச் சொன்னார். 1958ஆம் ஆண்டில் அவருடைய வேகத்தை அளப்பதற்காக இராணுவத் தளபாடங்களைச் சோதிக்கும் களமொன்றுக்கு அவரை அழைத்துச் சென்றனர். அளவுக் கருவியினூடே ஒரு பந்தைச் செலுத்துவதற்கு அவருக்கு நாற்பது நிமிடங்கள் வரை சென்றனவாம். முதல்நாள் ஆட்டத்திற் களைத்திருந்தவர், எறிமேடும் இல்லாத தரையில் நின்று, கடைசியாகச் செலுத்திய பந்தின் வேகம் மணிக்கு 93.5 மைல் எனக் கருவி காட்டியது. கருவி கூறியது அன்று அவர் எறிந்த ஒரு பந்தின் வேகத்தை. அவரைப் பற்றிக் கழகம் அறிய விரும்பியதோ வேறொன்று. அதனை அளக்கும் கருவி அக்களத்தில் இருக்கவில்லை.

1960இல் கலிபோர்னியாவின் ஸ்டொக்டன் நகரக் கழகத்துக்காக 170 இன்னிங்ஸ்களில் 262 பேரை வீழ்த்தினார். நடக்கவிட்டதும் சரியாக 262 பேரையே. நான்கு ஆண்டுகள் கடந்தன. முளை செழித்தது, கதிர் வரவில்லை.

1962ஆம் ஆண்டில் நியூ யோர்க் மாநிலத்து எல்மைரா நகரக் கழகத்துக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே முகாமையாளராயிருந்தவர் ஏர்ள் வீவர். அவர் தாமும் இளமையிற் பண்ணைக் கழகங்களிற் பல்லாண்டு ஆடி, பெருங்கழக மேடையை ஒருநாளும் எட்டாதவர். தேறாதவனின் மனநிலையை அவர் நூலிற் படித்து அறியவேண்டியிருக்கவில்லை. பலரும் பல கூறிக் குழப்பியதே இவ்விளைஞனுக்கு நேர்ந்த தீங்கு என்று வீவர் கருதினார். ஆகவே கற்பிப்பதைக் கூட்டாமற் குறைத்தார். இரண்டு வகைப் பந்துகள் போதும். இலக்கின் மூலைகளைத் தேடவேண்டாம், நடுவை நோக்கி எறி. முழு வேகமும் எப்போதும் வேண்டாம். இவ்வளவே அவர் பாடம். அவ்வாண்டில் டல்கோவ்ஸ்கி 160 இன்னிங்ஸ்களில் 192 பேரை வீழ்த்தினார். நடக்கவிட்டவர் தொகை 114 ஆகக் குறைந்தது. முதலாண்டில் ஓர் இன்னிங்ஸுக்கு இருவரென இருந்த இலவச நடை, இப்போது நான்கு இன்னிங்ஸுக்கு மூவர் என்ற அளவுக்கும் கீழே வந்துவிட்டது.

இங்கே ஓர் உண்மையைக் கவனித்தல் வேண்டும். ஐந்து ஆண்டுகளாகக் கழகம் மதிப்பிட்டது டல்கோவ்ஸ்கியை மட்டுமன்று. டல்கோவ்ஸ்கிக்குத் தான் கற்பித்த முறையையும் சேர்த்தே மதிப்பிட்டு வந்தது. அவருக்கு இடப்பட்ட குறைந்த எண்ணில் ஆசிரியர்களின் பங்கும் இருந்தது. அதனை அளவுகோல் பிரித்துக் காட்டவில்லை.

1963ஆம் ஆண்டு மார்ச் மாதம் இளவேனிற் பயிற்சி முகாமில் அவர் பால்டிமோர்க் கழகத்திற் சேர்வது உறுதியென்றே பலரும் எண்ணினர். பயிற்சி ஆட்டமொன்றில் எறிந்துகொண்டிருந்தபோது அவருடைய இடது முழங்கையில் ஏதோ அறுந்தது. அந்த வேகம் பின்னர் ஒருபோதும் திரும்பவில்லை. 1965 வரை சிறு கழகங்களில் அலைந்து, பெருங்கழக ஆட்டம் ஒன்றிலேனும் ஒரு பந்தும் எறியாமலே அவர் ஓய்ந்தார்.

டல்கோவ்ஸ்கியின் கை வீழ்ந்த அதே 1963ஆம் ஆண்டில், அதே பண்ணை ஜிம் பாமர் என்னும் பதினேழு வயது இளைஞரைச் சேர்த்துக்கொண்டது. மறுவருடம் தென் டக்கோட்டா மாநிலத்து அபர்டீன் நகரக் கழகத்தில் அவர் பயின்றார். அவருக்கும் அப்போது வேகம் உண்டு, கட்டுப்பாடு போதாது. ஆனால் அவர் விரைந்து கற்றார். 1965இற் பெருங்கழகத்தை அடைந்தார். 1966ஆம் ஆண்டு உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில், இருபது வயது நிரம்பிய பாமர், அக்காலத்தின் தலைசிறந்த எறிவீரரென மதிக்கப்பட்ட சாண்டி கூபக்ஸுக்கு எதிராக நின்று, எதிரணிக்கு ஓர் ஓட்டமேனும் கொடாது முழு ஆட்டத்தையும் எறிந்து வென்றார். விளையும் பயிர் முளையிலே தெரிந்துவிட்டது என்று பழமொழியை நம்பியோர் மகிழ்ந்திருப்பர்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மறுவருடமே பாமரின் கை நோயுற்றது. 1967, 1968 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவர் மீண்டும் பண்ணைக் கழகங்களுக்கு அனுப்பப்பட்டார். 1968இன் இறுதியில் புதிய பெருங்கழகங்கள் தோற்றுவிக்கப்பட்டன. ஏனைய கழகங்கள் காப்புக் கொடாது விட்ட வீரர்களிலிருந்து அவை தமக்கு வேண்டியோரைத் தெரிவு செய்யலாம் என்பது ஏற்பாடு. பால்டிமோர்க் கழகம் பாமருக்குக் காப்புக் கொடுக்கவில்லை. தேடி அலைந்த புதுக்கழகங்களும் அவரை விரும்பவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் உலகமே வியந்தவரை, தெரிவுக்குக் கிடைத்தபோது எடுத்துக்கொள்வார் இலர்.

அவ்வாண்டுக் குளிர்காலத்திற் புவேர்ட்டோ ரிக்கோத் தீவில் ஆடச் சென்ற பாமரின் கை தேறியது. 1969ஆம் ஆண்டில் 16 ஆட்டங்களை வென்று, நான்கில் மட்டுமே தோற்றார். ஓகஸ்ட் மாதத்தில் ஓர் ஆட்டம் முழுவதும் எதிரணியினர் ஒருவரையும் அடித்துத் தளம் அடையவிடாது எறிந்தார். அக்கழகத்தின் முகாமையாளர் அப்போது வேறெவருமல்லர். எல்மைராவில் டல்கோவ்ஸ்கிக்குப் பாடத்தைக் குறைத்துக் கற்பித்த அதே ஏர்ள் வீவரே. பாமர் 1984இல் ஓய்வுபெறும்போது அவருடைய வெற்றிகள் 268. ஆண்டின் சிறந்த எறிவீரருக்குரிய சை யங் விருதை மும்முறை பெற்றார்.

ஒரே பண்ணை, ஒரே முறைப் பயிற்சி, இருவரிடமும் வேகம், இருவருக்கும் கையிலே நோவு. ஒருவர் கை தேறியது. மற்றவர் கை தேறவில்லை. இதனை எந்தத் தேர்வாளர் முன்கூட்டி எழுதியிருக்க முடியும்? இளம் எறிவீரரைக் குறித்து நம்பிக்கை வைத்தல் நம்பிக்கைகளுள் நிலையற்றது என்று அத்துறை அறிஞர் இன்றும் கூறுவது வெறும் சலிப்பினால் அன்று. 1965ஆம் ஆண்டுத் தெரிவில் நோலன் றையன் என்பவருக்கு முன்னர் 294 இளைஞர் தெரிவாயினர். அவர்களுள் ஒருவரேனும் றையன் பிற்காலத்தில் வீழ்த்திய 5,714 பேர் என்ற தொகையை நெருங்கவில்லை.

கூபக்ஸின் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. பெருந்தொகை கொடுத்து ஒப்பந்தஞ் செய்யப்பட்ட இளைஞரை இரண்டாண்டு பெருங்கழகத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்ற அக்கால விதியினால், 1955இற் பண்ணையைக் காணாமலே அவர் மேடையேறினார். பயில வேண்டிய பருவத்திற் பெரும்பாலும் இருக்கையில் அமர்ந்திருந்தார். முதல் ஆறு ஆண்டுகளில் அவர் வென்றவை 36, தோற்றவை 40. 1961இன் பயிற்சிக் காலத்தில், முழுப்பலத்தோடு எறிவதைச் சற்றே தளர்த்துமாறு அவருடைய பந்தேந்தும் தோழர் நோம் ஷெரி கூறிய அறிவுரையே திருப்பமாயிற்று. வேகம் குறையவில்லை, கட்டுப்பாடு வந்தது. ஆறு ஆண்டு முடிவில் மதிப்பெண் இட்டு ஏட்டை மூடியிருந்தால், கூபக்ஸ் என்னும் பெயரை இன்று அறிவார் யார்?

காத்திருக்கத் தெரியாமையும் ஒரு தீங்கே. 1973ஆம் ஆண்டில் டெக்சாஸ் றேஞ்சர்ஸ் கழகம் டேவிட் கிளைட் என்னும் பதினெட்டு வயது இளைஞரை நாட்டின் முதல்வராகத் தெரிவு செய்தது. உயர்பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று வாரம் ஆகுமுன்னரே அவரைப் பெருங்கழக மேடையில் ஏற்றியது. வெறிச்சோடிக் கிடந்த அரங்கு அன்று நிறைந்து வழிந்தது. அவரும் அவ்வாட்டத்தை வென்றார். அனுமதிச் சீட்டுகள் விற்றபடியால் அவரைப் பண்ணைக்கு அனுப்பிப் பயிற்றும் எண்ணம் பின்தள்ளப்பட்டது. முடிவில் அவர் பெற்ற வெற்றிகள் 18; தோல்விகள் 33. இருபத்தைந்து வயதில் அவருடைய பெருங்கழக வாழ்வு முடிந்திருந்தது. நாற்றை நட்ட மறுநாளே கதிரறுக்க முனைந்தவர் பயிரைப் பழித்தல் முறையன்று.

இக்காலத்தில் மருத்துவமும் பொறிநுட்பமும் வெகுதூரம் முன்னேறியுள்ளன. 1974ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் வைத்தியர் பிராங்க் ஜோப் என்பவர், டொமி ஜோன் என்னும் எறிவீரரின் அறுந்த முழங்கை நாருக்குப் பதிலாக, அவருடைய மறுகையிலிருந்து தசைநாண் ஒன்றை எடுத்துப் பொருத்தினார். 1976இற் களத்துக்குத் திரும்பிய டொமி ஜோன், அதன்பின் மாத்திரம் 164 ஆட்டங்களை வென்றார். டல்கோவ்ஸ்கிக்குக் கிட்டாத மருத்துவம் பின்வந்த எத்தனையோ இளைஞருக்குக் கிட்டியது. 2010இற் பண்ணையிற் சேர்ந்த ஆண்டிலேயே இச்சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட ஜேக்கப் டிகுரோம், 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சை யங் விருதைப் பெற்றார். அவர் எறிவீரராகவன்றிக் களத்தடுப்பாளராகவே பல்கலைக்கழகத்திற் பெரும்பகுதியும் ஆடியவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஆயின் நோய்க்கு மருந்து கண்டமையால் நோய் குறையவில்லை. வேகத்தை அளக்கும் ராடர்க் கருவி 1970களில் ஆடுகளத்துக்கு வந்தது. 2015ஆம் ஆண்டு முதற் பெருங்கழக அரங்குகள் அனைத்திலும் ஒவ்வொரு பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் நுண்கருவிகள் பதிவு செய்கின்றன. அளக்கக்கூடியது எதுவோ அதுவே விலைபெறும் என்பதை இளைஞர் விரைவில் உணர்ந்துகொண்டனர். பள்ளிப் பருவத்திலேயே ஒவ்வொரு பந்தையும் முழுப்பலத்தோடு எறிய முற்பட்டனர். எறிவீரரின் காயங்களைப் பற்றிப் பேஸ்போல் நிருவாகமே ஆராய்ந்து 2024 டிசெம்பரில் வெளியிட்ட அறிக்கை, மேலும் மேலும் வேகம் தேடுவதையும் எந்நேரமும் முழுப்பலத்தோடு எறிவதையும் முதன்மைக் காரணங்களாகக் காட்டியது. மதிப்பிடும் முறை மதிப்பிடப்படும் பொருளையே மாற்றிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. தேர்வில் எது வினாவாக வருமோ, அதனை மாத்திரமே மாணவன் படிப்பான்.

இறுதியாக, தேறாதவரைப் பற்றி ஒரு சொல். பண்ணையிற் சேரும் இளைஞருட் பெரும்பாலோர் பெருங்கழகத்தை எட்டுவதில்லை. எனினும் அவர்கள் இன்றேல், தேறுபவன் எவரோடு ஆடித் தேறுவான்? நெடுங்காலம் அவர்கள் பெற்ற ஊதியம் உண்டிக்கும் உறையுளுக்கும் போதாததாய் இருந்தது. சிறு கழக வீரர்கள் தொடுத்த வழக்கொன்று 2022ஆம் ஆண்டில் 185 மில்லியன் டொலருக்கு இணக்கமாக முடிந்தது. அவ்வாண்டே அவர்கள் வீரர் சங்கத்தில் இணைந்தனர். 2023இற் கைச்சாத்தான முதலாவது கூட்டு ஒப்பந்தத்தின்படி, மேற்படி வீரரின் குறைந்த ஆண்டுச் சம்பளம் 17,500 டொலரிலிருந்து 35,800 டொலராக உயர்ந்தது. பண்ணை முறை தோன்றி ஒரு நூற்றாண்டு சென்ற பின்னரே இது நிகழ்ந்தது.

டல்கோவ்ஸ்கியின் பிற்கால வாழ்வு துயரமானது. ஆட்டத்தை விட்ட பின்னர்க் கலிபோர்னியாவின் தோட்டங்களிலும் வயல்களிலும் கூலிவேலை செய்தார். இளமையிலேயே தொற்றிய மதுப்பழக்கம் அவரை அழித்தது. 1990களில் உறவினரின் அரவணைப்பிற் பிறந்த ஊரான நியூ பிரிட்டனுக்கு மீண்டு, பராமரிப்பு இல்லமொன்றில் அமைதியாக வாழ்ந்தார். 2020ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம், கொவிட் நோய்க்கு ஆளாகி, எண்பதாவது வயதிற் காலமானார். சிறு கழகங்களில் ஆயிரத்துக்கும் குறைந்த இன்னிங்ஸ்களில் 1,200க்கு மேற்பட்ட துடுப்பாளரை அவர் வீழ்த்தியிருந்தார். ஏறக்குறைய அத்தனை பேரை நடக்கவும் விட்டிருந்தார். பதினெட்டு வயதில் அவருடைய கையை மதிப்பிடப் பலர் இருந்தனர். அக்கையை உடைய மனிதனை விசாரித்தவர் மிகச் சிலரே.

திருக்குறளில், ஆராய்ந்து தெளிதலுக்கு ஓர் அதிகாரமும், தெளிந்தபின் அறிந்து பணியில் அமர்த்துதலுக்கு அடுத்த அதிகாரமும் வகுக்கப்பட்டுள்ளன. இரண்டும் வெவ்வேறு கடமைகள் என்பதை இவ்வைப்பு முறையே உணர்த்தும். தெரிவு செய்வதோடு தேர்வாளனின் கடமை முடிந்துவிடுவதில்லை. முளையைக் கண்டவன் நீரூற்ற வேண்டும். பருவமறிந்து களைபிடுங்க வேண்டும். கதிர் வருமுன் அறுக்காதிருக்க வேண்டும். பயிர் பொய்த்தாலும் நிலத்தைத் தூற்றாதிருக்க வேண்டும். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்ற பழமொழி பொய்யன்று. முளையிலே தெரிவது முளையின் வீறு. விளைச்சலோ, முளையோடு மழையும் மண்ணும் உழவனும் கூடி எழுதும் கணக்கு. அக்கணக்கில் உழவனின் பெயரும் உண்டு என்பதை, பள்ளியிலோ பணிமனையிலோ ஆடுகளத்திலோ இளையோருக்கு எண் இடும் கைகள் எல்லாம் மறவாதிருத்தல் நன்று.